கை படாத துளைகள்

என் தங்கை ஜெயித்ததையெல்லாம் முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசியில் எழுதினால், அண்ணன்காரன் கூட்டிச் சொல்கிறான் என்பார்கள்.

பிறந்ததிலிருந்தே இடது காது கேட்காது. ஆனாலும் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்தாள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. ஆனாலும் கம்பி இணைப்பைச் சோதிக்கிற மீட்டர் காட்டுவதைப் படித்துப் பொருள் சொல்வாள். துடைப்பத்தோடு நுழைந்த அறைக்குள் திருப்புளியோடு நுழைகிற நிலைக்கு வந்தாள். ஒரு கல்யாணப் பேச்சு காதைக் காரணம் காட்டி நின்றுபோனபோது, மறுநாள் காலையில் வழக்கம்போல் தலை வாரிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். அதையும் நான் ஜெயித்த கணக்கில்தான் சேர்ப்பேன். தன்னைக் கள்ளி என்று பேசிய கட்டடத்திலேயே இன்றைக்கும் வேலை செய்கிறாள். அது எப்படி நடந்தது என்பதுதான் இங்கே சொல்ல வந்தது.

நான் அந்தக் கட்டடத்தின் வாசல் காவலாளி. சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். வருகிறவர் பையில் என்ன இருக்கிறது, போகிறவர் சட்டைப்பை ஏன் புடைத்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண். உள்ளே நடப்பது என்ன என்று கேட்டால், குரல் பதிவு. பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்வார்கள், விளம்பரத்துக்குப் பேசுவார்கள், சில நாள் பாட்டும் உண்டு.

தங்கை அங்கே வந்தது துப்புரவுக் குத்தகைக்காரர் மூலமாக. அதற்கு முன்னால் எங்கள் தெருமுனையில் ரேடியோவும் மிக்ஸியும் ரிப்பேர் செய்கிற கடையில் இருந்தாள். கடைக்காரர் பாதி நாள் கடைக்கு வரமாட்டார். வாடிக்கையாளர் வந்து கத்துவார்கள். திட்டு வாங்கி அலுத்துப்போய்த்தான் சால்டர் வைத்துக் கம்பி பற்றவைக்கக் கற்றுக்கொண்டாள். கடை மூடியதும் துடைப்பத்தை எடுத்தாள்.

ஒருநாள் பதிவு அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது இன்ஜினியர் ஒரு வயரைப் பிடித்து ஆட்டிக்கொண்டு தனக்குள் திட்டிக்கொண்டிருந்தாராம்.

“அதைக் கொடுங்க சார்,” என்றிருக்கிறாள்.

“எதுக்கும்மா, குப்பையில போடவா?”

“இல்ல சார். பிளக்குக்கு உள்ள ஒரு கம்பி விட்டிருக்கும். பத்தவெச்சுத் தரேன்.”

பற்றவைத்துக் கொடுத்தாள். அதிலிருந்து வயர், பிளக் எல்லாம் அவள் கைக்கு வர ஆரம்பித்தன. பிறகு அந்தப் பலகையும் வந்தது.

பலகை என்று நான் சொல்கிறேன். அவர்கள் பேட்ச் பே என்பார்கள். மிக்ஸருக்குப் பக்கத்தில் சுவரை ஒட்டி ஓர் இரும்புப் பெட்டி. அதன் முகத்தில் வரிசை வரிசையாகத் துளைகள். மைக்கும் மிக்ஸரும் பதிவுக் கருவியும் ஒன்றையொன்று சந்திப்பது அந்தத் துளைகள் வழியாகத்தான். மேல் துளைக்கு வருகிற சத்தம், ஒன்றும் செருகாமல் விட்டால் தானாகவே கீழ்த் துளைக்கு இறங்கிப் போய்விடும். வேறு பாதையில் அனுப்ப வேண்டுமென்றால்தான் வயரைச் செருக வேண்டும். எங்கள் கூடத்தில் தினமும் ஒரே மாதிரி வேலை என்பதால் பாதித் துளைகளில் எதையும் செருகவே மாட்டார்கள்.

என் தங்கை மட்டும் செருகுவாள். தினமும் காலையில், யாரும் வருவதற்கு முன், வயரில்லாத ஒரு பிளக்கை எடுத்து ஒவ்வொரு துளையிலும் விட்டு, லேசாகத் திருகி, இழுப்பாள். யாரும் அவளிடம் செய்யச் சொன்னதில்லை. “உள்ளே தூசி இருக்கும்ணே, போயிடும்,” என்பாள். சில துளைகளில் பிளக் போகும்போது விரலில் மணல் கடித்த மாதிரி இருக்குமாம். அப்படி இருந்தால் அது வழுவழுவென்று போகும்வரை விடமாட்டாள். ஒரு காது கேட்காதவளுக்கு அந்த விரல்தான் இன்னொரு காது. இன்ஜினியர் அவளுக்கு நர்ஸம்மா என்று பெயர் வைத்திருந்தார். காலையில் எல்லாருக்கும் ஊசி போடுகிறாள் என்று. கூடத்தில் வேறு சிலர் லூஸ் கான்டாக்ட் என்றும் சொன்னார்கள். கேட்காத காதுப் பக்கம் நின்று சொல்வார்கள். உதடு அசைவதை அவள் பார்ப்பாள் என்று அவர்களுக்குத் தெரியாது.

இன்ஜினியர் அவளுக்காக ஒரு நல்ல காரியம் செய்தார். குத்தகைக்காரர் ஆளாக இருக்கிறவளைக் கூடத்தின் சொந்த ஆளாக, பராமரிப்பு வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று மேலே சொல்லி வைத்தார். அதை முடிவு செய்ய வேண்டியவர் மேனேஜர். அந்த நேரம் பார்த்துப் பழைய மேனேஜர் போய்ப் புதியவர் வந்தார்.

புதியவர் நல்ல மனிதர் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அவர் என்னைவிடச் சந்தேகக்காரர். வந்த புதிதிலேயே ஒரு காலையில் சீக்கிரம் வந்து, சத்தமில்லாமல் மாடியேறி, என் தங்கை பலகை முன் நிற்பதைப் பார்த்துவிட்டார்.

“என்னம்மா பண்றே?”

“சுத்தம் பண்றேன் சார்.”

“பெருக்குறதுதானே உன் வேலை? இதுல எதுக்குக் குத்திக்கிட்டிருக்கே?”

“சும்மா உள்ளே விட்டு எடுத்தா நல்லாருக்கும் சார்.”

“விட்டு விட்டு எடுத்தா ஓட்டை லூசாயிடும். புதுசு வாங்க எவ்வளவு அலையணும் தெரியுமா? நாளையிலேருந்து கை வைக்காதே.”

அவர் சொன்னது முழுக்கத் தப்பும் இல்லை. அளவுக்கு மீறிச் செருகினால் துளை தேயத்தான் செய்யும். இவளும் கையைக் கட்டிக்கொண்டாள்.

அந்த வருஷம் மழை கொஞ்சம் அதிகம். மழை விடுவதற்குள் பதிவு அறையில் கோளாறு தொடங்கியது. பாடம் வாசிக்கிற அம்மா ஒருவர் நன்றாக வாசித்துக்கொண்டே இருப்பார். நடுவில் குரல் கரகரக்கும், தேயும், காணாமல் போகும். வாசித்த பக்கத்தையே திரும்பத் திரும்ப வாசித்து அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. இன்ஜினியர் ஒரு வயரை எடுத்துப் பலகையில் செருகிச் சோதிப்பார். செருகிய உடனே குரல் திரும்பி வந்துவிடும். வயரை உருவினாலும் சரியாகவே இருக்கும். எது கெட்டது, எது சரியானது என்று ஒன்றும் புரியாது. சில நாள் கழித்து வேறு துளையில் அதே கதை.

ஆள் வந்ததும் ஒளிந்துகொள்கிற திருடன் மாதிரி அந்தக் கோளாறு நடந்துகொண்டது. திருடன் என்றாலே எனக்கு ஆளைத்தான் தேடத் தோன்றும். முதலில் ஏசி மெக்கானிக்கைச் சந்தேகப்பட்டேன். அவன் வந்துபோன மறுநாள்தான் முதல் கரகரப்பு. அவன் பையில் இருந்த ஸ்பேனரை எல்லாம் வெளியே எடுத்து வைக்கச் சொன்னேன். “அண்ணே, நான் காத்தைத்தான் திருட முடியும், இங்க இருக்கிற வேற எதுவும் எனக்கு வேலைக்கு ஆகாது,” என்றான். பிறகு இன்ஜினியரையே சந்தேகப்பட்டேன். பதிவு அறைக்குள் போகும்போதெல்லாம் வலது கையை மூடிக்கொண்டு போவார். ஒருநாள் வழிமறித்துக் கேட்டதற்குக் கையை விரித்துக் காட்டினார்: பெப்பர்மின்ட் மிட்டாய். உள்ளே தின்னக் கூடாது என்பது விதி.

இப்படி நான் ஒரு பக்கம் தேட, மாடியில் வேறு பக்கம் தேடினார்கள். கோளாறு வந்தால், மேனேஜர் தடுத்திருந்தும், என் தங்கையைக் கூப்பிடுவார்கள். அவள் வந்து ஒரு பிளக்கை விட்டு எடுத்தாலே சரியாகிவிடும். இரண்டு மூன்று தடவை இப்படி ஆனதும் பேச்சு கிளம்பியது. காது கேட்காதவளுக்கு எங்கே கோளாறு என்று எப்படித் தெரிகிறது? வைக்கிறவளே எடுக்கிறாள். நிரந்தர வேலைக்கு அவள் பெயர் போயிருக்கிறது அல்லவா, தான் இல்லாமல் கூடம் நடக்காது என்று காட்டப் பார்க்கிறாள்.

இந்தப் பேச்சு வாசல்வரை வந்துவிட்டது. அன்று மாலை எல்லார் பையையும் பார்த்த பிறகு, எல்லார் கண் முன்னாலும் அவள் பையையும் திறந்து பார்த்தேன். பார்க்காமல் விட்டால் நாளைக்கு அதையும் ஒரு பேச்சாக்குவார்கள்.

“உள்ளே சாப்பாட்டு டப்பா இருக்கு,” என்றாள். “மூடியைத் திறந்து மோந்தும் பாத்துடுண்ணே.”

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தாள். வீட்டில் அம்மாதான் பேசினாள். “அந்த மேனேஜர் முழியே சரியில்லடா. புதுசா வந்தவன் வீட்டை இடிச்சுத்தான் தன் பேரைக் காட்டுவான்.”

“அவர் முழியை நீ எங்கம்மா பாத்தே?” என்றாள் தங்கை.

“பாக்கணுமா என்ன? கேட்டாலே தெரியுது.”

தங்கை சிரிக்கவில்லை. “அம்மா, யாரோ செய்யறாங்கன்னுதான் எனக்கும் தோணுது. ஆனா எப்படிச் செய்யறாங்கன்னு புரியல. நான் தினம் கை வெச்சிட்டிருந்த வரைக்கும் ஒண்ணும் ஆகல. கையை எடுத்த பிறகுதான் எல்லாம்.” வேலை கிடைக்காமல் போனாலும் பரவாயில்லை, கள்ளி என்ற பெயரோடு வெளியே போனால் இனி எந்தக் கட்டடத்திலும் துடைப்பம்கூடத் தரமாட்டார்கள் என்றாள். அது எங்கள் மூவருக்குமே தெரிந்ததுதான். சொன்னபோதுதான் அறை சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தது.

மேனேஜர் ஒரு வழி கண்டுபிடித்தார். பலகையின் முகத்தை மூடுகிற மாதிரி இரும்புக் கதவு ஒன்று செய்து பூட்டுப் போட்டார். சாவியை என்னிடம் கொடுத்தார். “வாட்ச்மேன், இது உன் பொறுப்பு. இன்ஜினியர் கேட்டா மட்டும் கொடு. வேற யார் கேட்டாலும் எனக்கு வந்து சொல்லு. இனிமே யார் கை வைக்கிறாங்கன்னு பாத்துடலாம்.”

சாவியை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். நான் அவளுக்கு யார் என்பது அவருக்குத் தெரியாது. நாங்களாக மறைக்கவில்லை. என்னை அந்தக் கட்டடத்தில் எல்லாருமே அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள். தபால்காரர் அண்ணே என்பார், என்னைவிட வயதான டிரைவரும் அண்ணே என்பார். அந்த வரிசையில் அவளும் அண்ணே என்றாள். யாருக்கு எதில் வித்தியாசம் தெரியும்?

பூட்டுப் போட்ட பிறகு கொஞ்ச நாள் நிம்மதி. அப்புறம் கோளாறு முன்பைவிட மோசமாக வந்தது. ஒரு துளை என்று இல்லை, பல. பாடம் வாசிக்கிற அம்மா கடைசியில் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மேனேஜர் மூச்சிரைக்க வாசலுக்கு வந்தார்.

“சாவி எங்கே?”

சட்டைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினேன்.

“யார்கிட்டயாவது கொடுத்தியா?”

“யாருமே கேக்கல சார்.”

“பூட்டு பூட்டினபடி இருக்கு. சாவி உன் கழுத்துல இருக்கு. அப்புறம் எப்படி…”

அவர் முடிப்பதற்குள் அம்மா வந்து சேர்ந்தாள். காலையில் அவசரத்தில் நாங்கள் டப்பாக்களை மறந்துவிட்டிருந்தோம். “ரெண்டு பேருக்கும் தலையை மட்டும் மறக்காம எடுத்துட்டு வரத் தெரியுது,” என்று சொல்லிக்கொண்டே இரண்டு டப்பாக்களை என் மேஜையில் வைத்தாள். படியில் இறங்கி வந்துகொண்டிருந்த தங்கையைப் பார்த்து, “பாப்பா, உன்னோடது பச்சை மூடி,” என்றாள்.

மேனேஜர் அம்மாவைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இவங்க யாரு?”

“எங்கம்மா சார்.”

“அந்தப் பொண்ணு?”

“என் தங்கச்சி சார்.”

“இங்க எல்லாரும்தான் உன்னை அண்ணேன்னு கூப்பிடறாங்க. அவ மட்டும் நிஜமாவேவா?”

“ஆமா சார். அவ மட்டும் நிஜமாவே.”

அவர் முகத்தில் ஒரு பெரிய முடிச்சு அவிழ்ந்தது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். சாவி அண்ணனிடம், கைவேலை தங்கையிடம். “ரெண்டு பேரும் நாளையிலேருந்து வர வேண்டாம்,” என்றார். குரலை உயர்த்தக்கூட இல்லை.

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டு மேனேஜரிடம் பேசினாள்.

“சரி சார், வரல. ஆனா போறதுக்கு முன்னால ஒண்ணு கேக்கறேன். பூட்டைத் திறந்து இப்ப யாரும் உள்ளே எதையும் செருகாதீங்க. ஒவ்வொரு தடவையும் தேடப் போற ஆளே செருகிச் செருகி அதைச் சரி பண்ணிடறோம். நானும் அதையேதான் பண்ணேன். கெட்டுப்போன துளையைக் கெட்டபடியே ஒரு தடவை பாக்கணும். பெட்டியை நகத்தி, பின்னாலேருந்து மீட்டர் வெச்சுப் பாருங்க. நான் தொடமாட்டேன்.”

இன்ஜினியர் அதற்குள் இறங்கி வந்திருந்தார். “இது எனக்குத் தோணவே இல்லையே,” என்றார். “நான் இத்தனை நாளா வயரை மாத்திக்கிட்டே இருந்தேன். பாத்துடலாம் சார்.”

எல்லாரும் மேலே போனோம். எனக்கு மாடியில் வேலை இல்லை. ஆனாலும் சாவி என் கழுத்தில் இருந்ததால் யாரும் போ என்று சொல்லவில்லை. தங்கை பதிவு அறையின் வாசற்படியிலேயே நின்றுகொண்டு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். மேனேஜர் அவள் கைகள் தெரிகிற இடத்தில் போய் நின்றார். டிரைவரும் நானும் பெட்டியைச் சுவரிலிருந்து இழுத்தோம். பின்னால் கம்பிகள் கொத்துக் கொத்தாக இருந்தன.

இன்ஜினியர் மேல் துளைக் கம்பியிலும் கீழ்த் துளைக் கம்பியிலும் மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்தார். இரண்டுக்கும் நடுவில் நல்ல இணைப்பு இருந்தால் எண் பூஜ்யத்தை ஒட்டி அசையாமல் நிற்க வேண்டும். அது நிற்கவில்லை. ஏறியது, இறங்கியது, ஒரேயடியாக எங்கோ போனது.

“இப்ப முன்னால ஒரே ஒரு தடவை செருகி எடுங்க சார்,” என்றாள் தங்கை, நின்ற இடத்திலிருந்தே.

நான் பூட்டைத் திறந்தேன். இன்ஜினியர் பிளக்கைச் செருகி எடுத்துவிட்டு மறுபடி பின்னால் வந்து அளந்தார். எண் பூஜ்யத்தின் பக்கத்தில் போய் நின்றது. நின்றே விட்டது.

“இன்னொண்ணு பாருங்க,” என்றார் மேனேஜர். இன்னொன்றும் அப்படியே. மூன்றாவதை மேனேஜர் தன் கையாலேயே செருகினார். பிளக்கை முதலில் தன் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். அதில் அவள் ஏதாவது தடவியிருக்கலாம் அல்லவா. அதுவும் அப்படியே.

நாலாவதைச் செருகாமல் இன்ஜினியர் அப்படியே கழற்றி எடுத்து விளக்கடியில் வைத்தார். துளைக்குள்ளே இரண்டு மெல்லிய உலோக நாக்குகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்திருந்தன. ஒன்றும் செருகாதபோது சத்தம் போவது அந்த இரண்டும் தொடுகிற புள்ளி வழியாகத்தான். பிளக்கை விட்டால் ஒரு நாக்கு விலகும். எடுத்தால் உரசிக்கொண்டே வந்து மறுபடி சேரும். அந்தப் புள்ளி கரி பூசின மாதிரிக் கறுத்திருந்தது. பூட்டுப் போடும்வரை தினமும் வயர் செருகி எடுத்த துளை ஒன்றையும் கழற்றிப் பார்த்தார். அதில் புள்ளி பளிச்சென்று இருந்தது.

“தூசி இல்லையா சார்?” என்றாள் தங்கை. அவள் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. “நான் தூசின்னுதான் நெனச்சேன்.”

“தூசி இல்ல நர்ஸம்மா. ஈரக்காத்துல உலோகம் கறுத்துப்போறது. தினம் உரசினா படியாது. உரசாம விட்டா படிஞ்சுக்கிட்டே போகும். நீங்க காரணம் தெரியாம சரியாச் செஞ்சிருக்கீங்க. நான் காரணம் படிச்சிருக்கேன், செய்யத்தான் தோணல.”

மேனேஜர் அந்தக் கறுத்த துண்டைக் கையில் வாங்கி வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்ப யாருமே கை வைக்கல,” என்றார்.

“அதுதான் சார் கோளாறு,” என்றாள் தங்கை.

அவர் உடனே உருகிவிட்டார் என்று எழுத மாட்டேன். கட்டிய கையை அவிழ்க்கச் சொன்னார், வர வேண்டாம் என்றதை மறுபடி சொல்லவில்லை, அவ்வளவுதான். மறுநாள் அவளும் இன்ஜினியருமாகச் சேர்ந்து எல்லாத் துளைகளையும் திறந்தார்கள். கான்டாக்ட் கிளீனர் என்கிற திரவத்தில் நனைத்த மெல்லிய அட்டைத் துண்டை நாக்குகளுக்கு நடுவில் வைத்து, நாக்கு வளையாமல் இழுத்து, கறுப்பு ஒட்டாத வரைக்கும் துண்டை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். பாடம் வாசிக்கிற அம்மா திரும்பி வந்து ஒரு பாடத்தை ஒரே மூச்சில் முடித்தார்.

கடைசியில் மேனேஜர் எங்களைக் கூப்பிட்டார். பூட்டு அவர் மேஜைமேல் இருந்தது.

“பூட்டை எடுத்தாச்சு. ஆனா இனிமே தினமும் ஒருத்தர் இதைத் தொடப் போறாங்கன்னா யாருன்னு எனக்குத் தெரியணும்,” என்று ஓர் அட்டையை எடுத்து வைத்தார். தேதி, பெயர், கையெழுத்து என்று கோடு போட்டிருந்தது. “பெட்டிமேல மாட்டறேன். காலையில செய்யற ஆள் கையெழுத்துப் போடணும். கெட்டுப்போனா அந்தக் கையெழுத்துதான் பதில் சொல்லணும்.”

“செய்யப் போறது இவங்கதானே,” என்றார் இன்ஜினியர்.

“குத்தகை ஆளுங்க நம்ம தாள்ல கையெழுத்துப் போடக் கூடாது. அவங்க சூப்பர்வைசர்தான் எல்லாருக்கும் சேத்துப் போடுவார். நாளைக்குத் தப்பு நடந்தா நான் அவரைப் பிடிக்கவா?”

“அப்ப இவங்களை நம்ம ஆளா எடுத்துக்கங்க சார்.”

மேனேஜர் யோசித்தார். அவர் யோசிப்பது எனக்குக் கண்ணாடியில் தெரிகிற மாதிரித் தெரிந்தது. “அதுவும் சரிதான்,” என்றார். “வெளியாளா இருந்தா நழுவிடலாம். உள்ளாளா இருந்தா என் கண் முன்னாலேயே இருந்தாகணும்.”

உத்தரவு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. வந்த அன்று காலையில் நானும் மேலே போனேன். துளைகள் எல்லாம் முடித்துவிட்டுத் தங்கை அட்டை முன்னால் நின்றாள். எனக்குச் சந்தேகம் தீரவில்லை.

“யோசிச்சுக்கோ பாப்பா,” என்றேன் மெதுவாக. “இது பொறி மாதிரி இருக்கு. எது கெட்டாலும் உன் தலையிலதான் விழும்.”

“இத்தனை நாள் கையெழுத்து இல்லாமலே என் தலையில விழுந்துச்சுல்ல?” என்றாள். “இனிமே என் பேரோட விழட்டும். கொஞ்சம் நகருண்ணே, வெளிச்சத்தை மறைக்கிற.”

நகர்ந்தேன். அந்தக் கட்டடத்தின் எந்தத் தாளிலும் அதுவரை அவள் பெயர் அவள் கையால் எழுதப்பட்டதில்லை. பேனாவை ஒருமுறை உதறிக்கொண்டு, எழுத்துக் கூட்டாமல், சுருக்காமல், முழுப்பெயரையும் கையெழுத்தாகப் போட்டாள்.

தேதிக்கு நேரே: 2014 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை.